ரவை

காலையில் இரண்டு செய்தி.
அம்மா: "ரவை ஒரு கிலோ, வரேக்க வாங்கிவா. வறுத்தது வேண்டாம்."
அண்ணா, ஒஹையோவிலிருந்து,
குரல்பதிவு, இரண்டு நிமிசம் பதினொரு செக்கன்:
அம்மாவின் பல்லு, மகளின் வயலின், முதல் பனி,
பிறகு, செருப்பளவு கேட்பதுபோல,
"தங்கச்சி, மான் வேட்டைக்குக் கைத்துவக்கொண்டு எடுக்கப்போறன்.
எந்த ரவை நல்லம்?
முன்னூற்றைம்பத்தேழோ, நாப்பத்திநாலோ?
உனக்குத்தானே தெரியும்."

உனக்குத்தானே.
பதினைந்து வருசம் இந்த வீடு
மேசைக்கு அடியில் காலால் தள்ளி வைத்திருந்ததை
அவன் பனிக்குள் நின்று சும்மா எடுத்து நீட்டினான்.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால்
மரியநாயகத்தாரின் மோட்டர் கடை.
நான் அங்கே கம்பி சுற்றுகிறவள்.
ஏழாலையிலிருந்து எரிந்துபோய் வந்த பம்பி ஒன்று
செம்மண் அப்பிய வயிற்றோடு மேசையில் கிடந்தது.
கம்பிக்கு எண் கூடினால் உடம்பு மெலியும்:
இருபத்திரண்டு நூல், முப்பத்தாறு மயிர்.
ரவைக்கு எண் கூடினால் உடம்பு தடிக்கும்.
வேட்டைத் துவக்குக்கு அதுவும் தலைகீழ்,
பன்னிரண்டின் வாய் பதினாறின் வாயைவிட அகலம்.
கேட்பாரில்லாமல் இதெல்லாம் எனக்குள் சுற்ற,
நூற்றெழுபதில் எண்ணிக்கை தவறியது.
அவிழ்த்தேன்.
முதலிலிருந்து சுற்றினேன்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து
ஒற்றைப் பையோடு கொழும்புக்குப் போனவன் அவன்.
குற்றம் சொல்லவில்லை. அவன் அனுப்பிய காசில்தான் இந்தக் கூரை.
இப்போது அவனுடைய மாநிலத்துச் சட்டம் சொல்கிறதாம்:
குழல் ஐந்து அங்குலத்துக்குக் குறையக்கூடாது,
முன்னூற்றைம்பத்தேழுக்குக் கீழே மானைத் தொடக்கூடாது.
மானுக்கு அங்கே அவ்வளவு சட்டம்.

மத்தியானம் சோற்றுப்பெட்டியைத் திறந்தபோது
அந்த மான் வந்தது.
முத்தையன்கட்டுக்கு அப்பால், பாலை மரத்தடியில்,
முப்பது பாகத்தில், பக்கவாட்டில்,
ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியபடி.
ஏழு பேர் நாங்கள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்.
என் விரல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.
சுடவில்லை.
இரக்கம் என்று யாராவது எழுதிவிடப்போகிறார்கள்.
இரக்கமில்லை.
சத்தம் வரக்கூடாது என்று கட்டளை.
அது மேய்ந்து முடித்து, தன்பாட்டில் போகும்வரை
ஏழு வயிறும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.
அதற்குப் பிறகு அந்த ஏழை
நான் எண்ணுவதில்லை.

ஐந்தரைக்குப் பம்பி ஓடியது.
கையை வைத்துப் பார்த்தேன். சூடேறவில்லை.
கடையைப் பூட்டி, சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு
அண்ணாவுக்குப் பேசினேன்.
மூன்று தரம் அழித்தேன்.
நான்காவதில் இருந்தது இவ்வளவுதான்:

"நாப்பத்திநாலை எடு.
அதே துவக்குக்குள்ள மெல்லிய ரவையும் போகும், கடையில கேள்.
முதல் ஒரு மாசம் அதில பழகு.
கை வெருண்டால் எந்த அளவும் உதவாது.
நாப்பது பாகத்துக்கு அங்கால நிண்டால் விட்டுடு.
முகத்தைப் பாத்து அடிக்காத, பக்கவாட்டில திரும்புமட்டும் பொறு,
முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால.
விழுந்த உடன ஓடிப்போகாத.
அரை மணித்தியாலம் இரு.
அதுக்கும் நேரம் வேணும்."

என் குரல்தான்.
ஆனால் சுருக்கமாக, மூச்சு வாங்காமல்,
எனக்கிருந்த மற்றப் பெயரின் குரல்.
அண்ணாவுக்கு அந்தப் பெயர் தெரியாது.

கடையில் ரவை நிறுத்துத் தந்தார்கள்.
தாள்பைக்குள் அது மணல்மாதிரிச் சரிந்து அமர்ந்தது.
வீட்டுக்கு வர, அண்ணாவின் பதில்:
ஒரு பெருவிரல்.
அதன் கீழே,
"எப்பிடியடி தெரியும்" என்று கேட்கவில்லை, நல்லவேளை,
"மான் இறைச்சியில வத்தல் போடுறதுக்கு
எவ்வளவு உப்பு?"

"அதை அம்மாவைக் கேள்" என்று
போனைக் குசினிக்குள் கொடுத்தேன்.
அம்மா ஈரக்கையைச் சட்டையில் துடைத்து வாங்கினா.
வாங்கும்போது என்னைப் பார்த்த பார்வை
கொஞ்சம் நீளம்.
பிறகு போனுக்குள் சத்தமாகச் சொன்னா:
"கிலோவுக்கு ஒரு பிடி, மஞ்சளும் போடு.
முதல்ல இரத்தம் போகக் கழுவு, மோனை.
நல்லாக் கழுவு."